ஓடாத எல்இடி கிட்: 61 சோல்டரில் ஏழு பழுது

பத்து எல்இடிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடும் சின்ன கிட் இது. சீராகத் துடிப்பு தரும் என்இ555 ஐசி (சிப்) ஒன்று, அந்தத் துடிப்புகளை எண்ணி எல்இடிகளை வரிசையாக எரியவிடும் சிடி4017 ஐசி ஒன்று, மூன்று ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், வேகத்தை மாற்ற 100 கிலோ ஓம் பிரீசெட் (திருப்பினால் அளவு மாறும் ரெசிஸ்டர்), 9 வோல்ட் பேட்டரி. போர்டு ஒருபக்க டிராக் (செம்புக் கோடு) மட்டும் உள்ள பழுப்பு நிற ஃபீனாலிக் அட்டை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளிக் கண்காட்சிக்காக முதன்முதலாகச் சோல்டர் வைத்தது. பாகங்கள் எல்லாம் சரியான இடத்தில், சரியான திசையில் இருந்தன. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதல் கிட்டில் அதுவே பாதி வேலை.

பேட்டரியை மாட்டினால் சில நேரம் ஒன்றுமே எரியாது. சில நேரம் ஏதோ ஓர் எல்இடி எரிந்து அப்படியே நின்றுவிடும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் வெளிச்சம் தாறுமாறாகத் தாவும், கையை எடுத்தால் மறுபடி நிற்கும். இந்தக் கடைசி அறிகுறிதான் முக்கியமான துப்பு. அதை முதலிலேயே பிடித்திருந்தால் ஒரு ஐசி வாங்கும் செலவும் ஒரு பேட் (காலைச் சோல்டர் வைக்கும் செம்பு வட்டம்) பிய்ந்த வேலையும் மிச்சமாகியிருக்கும்.

மேசையில் இருந்தவை: வெப்பம் மாற்றக்கூடிய 60 வாட் சோல்டரிங் அயர்ன், கூர்முனை டிப் ஒன்று, 2.4 மி.மீ. தட்டை டிப் ஒன்று, 0.8 மி.மீ. தடிமனுள்ள 60/40 ஈயக்கம்பி (வெள்ளீயமும் ஈயமும் கலந்த சோல்டர்), ரோசின் ஃப்ளக்ஸ் (சோல்டர் செம்பில் பிடிக்க உதவுவது), 2 மி.மீ. டீசோல்டரிங் விக் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்), உறிஞ்சும் பம்ப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கும் பிரஷ், பத்து மடங்கு லென்ஸ், மல்டிமீட்டர். அயர்னைவிடவும் அதிகம் உதவியது லென்ஸ்தான்.

முதல் வேலை, கழுவுதல். கருகிய ஃப்ளக்ஸ் மேலே படிந்திருந்தால் விரிசல் எது, அழுக்கு எது என்று தெரியாது. பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் உலரவிட்டேன். பிறகு போர்டைத் திருப்பி வைத்து, சோல்டர் வைக்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். 4017 பேஸுக்கு (ஐசியைச் செருகும் சாக்கெட்) 16, 555 பேஸுக்கு 8, எல்இடிகளுக்கு 20, ரெசிஸ்டருக்கு 6, கெப்பாசிட்டருக்கு 6, பிரீசெட்டுக்கு 3, பேட்டரி வயருக்கு 2. மொத்தம் 61. எண்ணிப் பார்த்தால் மட்டுமே பிடிபடுகிற பழுது ஒன்று உண்டு: சோல்டரே வைக்காமல் விட்ட கால். 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரின் ஒரு கால் ஓட்டைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது. புது பேட்டரியில் இதற்கு அறிகுறியே தெரியாது. பேட்டரி இறங்க இறங்கத்தான் தொல்லை தொடங்கும்.

லென்ஸில் உடனே தெரிந்தவை இன்னும் இரண்டு. 4017-இன் 2, 3 கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் போட்டிருந்தது. பேட்டரியின் கறுப்பு வயர், சோல்டர் முடியும் விளிம்பில் ஏழு இழைகளில் ஐந்து அறுந்து இரண்டில் தொங்கியது. சில நேரம் போர்டே செத்துக் கிடந்ததற்கு இந்த வயர்தான் காரணம்.

மற்ற இணைப்புகளில் பல மங்கலாக இருந்தன. மங்கல் என்றாலே பழுது என்று முடிவுகட்டக் கூடாது. ஈயம் கலக்காத சோல்டர் நன்றாகப் பிடித்திருந்தாலும் பளபளக்காது. பார்க்க வேண்டியது விளிம்பை. நல்ல இணைப்பில் சோல்டர் காலிலிருந்து பேட் வரை சரிவாக இறங்கி, ஓரத்தில் மெலிந்து முடியும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால், பேடைப் பிடிக்கவில்லை என்று பொருள். காலைச் சுற்றி மெல்லிய வளையம் போல விரிசல் இருந்தால், ஆறுவதற்குள் கால் ஆடிவிட்டது என்று பொருள். டிவி மெக்கானிக்குகள் டிரை சோல்டர் என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான்.

இங்கே ஒரு தவறு. 4017-இன் 13-ஆம் காலில் சோல்டர் உருண்டையாக, பளபளவென்று இருந்தது. பளபளப்பைப் பார்த்து நல்லது என்று தாண்டிப் போய்விட்டேன்.

வயரை முதலில் சரிசெய்தேன். அறுந்த முனையை வெட்டி, 5 மி.மீ. தோல் உரித்து, இழைகளை முறுக்கி, தனியாக ஈயம் பூசி, பிறகே ஓட்டையில் விட்டுச் சோல்டர் வைத்தேன். ஈயம் பூசிய இடத்துக்கும் பூசாத இடத்துக்கும் நடுவில்தான் வயர் எப்போதும் முறியும். அந்த இடம் வளையாமலிருக்க ஒரு சொட்டு ஹாட் குளூ.

அடுத்து 2, 3 கால் பாலம். பிளேடால் கீறி எடுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் டிராக்கும் சேர்ந்து கீறப்படும். இரண்டு கால்களின் மேலும் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, டிப்பைப் பித்தளைச் சுருளில் துடைத்துவிட்டு, கால்களுக்கு நடுவே வைத்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. மிச்ச ஈயம் டிப்போடு வந்துவிட்டது. ஈயம் அதிகமாக இருந்தால் விக் தேவைப்படும். அப்போது விக்கையும் அயர்னையும் ஒன்றாக எடுக்க வேண்டும். அயர்னை மட்டும் முதலில் எடுத்தால் விக் பேடோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் பேட் கையோடு வரும்.

இந்தக் கிட்டில் பாலத்தைத் தேடும்போது ஒன்று நினைவிருக்க வேண்டும். 4017-இன் வெளியீடுகள் கால் வரிசைப்படி வருவதில்லை. முதல் எல்இடியிலிருந்து பத்தாவது வரை, கால்களின் வரிசை 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. அதனால் 2, 3 கால்கள் ஒட்டிக்கொண்டால் முதல் இரண்டு எல்இடிகள் சேர்ந்து மங்கலாக எரியும். 1, 2 ஒட்டினால் ஆறாவதும் இரண்டாவதும். 4, 5 ஒட்டினால் மூன்றாவதும் ஏழாவதும். 7-ஆம் கால் 8-உடன் ஒட்டினால் நான்காவது எரியவே எரியாது, ஏனென்றால் 8 நெகட்டிவ். தூரத்தில் இருக்கும் இரண்டு எல்இடிகள் ஜோடியாக மங்கலாக எரிந்தால் அவற்றின் கால் எண்களைப் பாருங்கள், அடுத்தடுத்து இருக்கும். சோல்டர் பக்கம் திருப்பினால் எண்ணும் திசையும் திரும்பிவிடும். மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக எண்ணுகிறோம், கீழிருந்து வலஞ்சுழியாக எண்ண வேண்டும். முதலாம் கால் எங்கே என்று போர்டின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரியின் பாசிட்டிவ் வயரில் 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தேன். உள்ளே ஷார்ட் இருந்தாலும் 90 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் ஆம்பியர் அளவும் கிடைத்துவிடும்: 1 வோல்ட் காட்டினால் 10 மில்லி ஆம்பியர். இரண்டு ஐசிகளையும் கழற்றிவிட்டுப் பேட்டரியை மாட்டியதும் அதில் பூஜ்யம் காட்டியது. சரி, ஷார்ட் இல்லை.

பிறகு காலி பேஸ்களில் வோல்ட் பார்த்தேன். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். 555-இன் 8, 4 கால்களில் 9 வோல்ட், 4017-இன் 16-இல் 9 வோல்ட். 4017-இன் 8, 13, 15 மூன்றும் நெகட்டிவுக்குப் போக வேண்டிய கால்கள். மூன்றிலும் பூஜ்யம். எல்லாம் சரி என்று குறித்துக்கொண்டேன். பெரிய தவறு இதுதான். எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும் காலும் மீட்டரில் பூஜ்யம்தான் காட்டும். நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால் வரும் பூஜ்யமும் எதோடும் சேராததால் வரும் பூஜ்யமும் மீட்டருக்கு ஒன்றே. நெகட்டிவ் இணைப்பைச் சோதிக்க வேண்டுமானால் முனைகளை மாற்ற வேண்டும்: சிவப்பு முனை 9 வோல்ட்டில், கறுப்பு முனை சோதிக்கும் காலில். இணைப்பு இருந்தால் 9 காட்டும், இல்லாவிட்டால் ஏறத்தாழ பூஜ்யம்.

ஐசிகளை மாட்டினேன். இப்போது போர்டு சாவதில்லை. ஆனால் எல்இடி நின்ற இடத்திலேயே நின்றது. 555-இன் 3-ஆம் காலில் மீட்டர் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, ஆகத் துடிப்பு வருகிறது. துடிப்பு வந்தும் 4017 எண்ணவில்லை, எனவே ஐசி போய்விட்டது என்று தீர்மானித்துப் புதிது ஒன்று 20 ரூபாய்க்கு வாங்கி மாட்டியாயிற்று. அதே கதை.

சரியான இடத்தைக் காட்டியது தற்செயல். ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் 13-ஆம் காலில் மீட்டரின் சிவப்பு முனையை வைத்ததும் பத்து எல்இடிகளும் ஒழுங்காக ஓடத் தொடங்கின. முனையை எடுத்ததும் நின்றன. 13-ஆம் கால், எண்ணுவதை நிறுத்தி வைக்கும் கால். அது நெகட்டிவில் இருந்தால் எண்ணும், பாசிட்டிவுக்குப் போனால் நிற்கும். அந்தரத்தில் நின்றால், கையிலிருந்தும் வீட்டு வயரிங்கிலிருந்தும் வரும் 50 ஹெர்ட்ஸ் அலையை வாங்கிக்கொண்டு மனம்போனபடி தாவும். மீட்டரின் உள்ளே இருக்கும் 10 மெகா ஓம், அந்தக் காலை நெகட்டிவுக்கு இழுத்துப் பிடிக்கப் போதுமானதாக இருந்தது. பழுதைத் தேட வைத்த கருவியே, தொட்டிருக்கும்வரை பழுதை மூடி மறைத்துவிட்டது.

ஆனால் முன்பே மீட்டரில் பீப் சோதனை (இணைப்பு இருந்தால் ஒலிக்கும்) செய்து, 13-ஆம் காலுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே பீப் கேட்டிருந்ததே? முனையை வைத்தது சோல்டர் உருண்டையின் மேல். அழுத்தியதும் உருண்டை பேடில் பட்டு பீப் அடித்தது. அழுத்தத்தை எடுத்ததும் விலகிவிட்டது. டிரை சோல்டரைத் தேடும்போது முனையைச் சோல்டரின் மேல் வைக்கவே கூடாது. ஒரு முனை மேற்பக்கத்தில் ஐசியின் காலில், இன்னொரு முனை அதே டிராக் போய்ச் சேரும் அடுத்த பாகத்தின் காலில். அப்படி வைத்தபோது மீட்டர் திறந்த சுற்று என்று காட்டியது. பீப்பையும் முழுக்க நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். ஓம் எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

13-ஆம் காலில் ஏன் பிடிக்கவில்லை? அந்த பேட் அகலமான நெகட்டிவ் செம்புப் பரப்போடு சேர்ந்தது. பரப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கால் சூடாகும், பேட் ஆகாது. சோல்டர் காலில் ஏறி உருண்டுவிடும். அதோடு, ஈயத்தை டிப்பில் எடுத்துக்கொண்டு வந்து காலில் தடவியிருக்கிறார்கள். அப்படி எடுத்து வரும்போதே ஃப்ளக்ஸ் புகைந்து போய்விடும், ஈயம் மட்டும் வந்து சேரும். கிட்டோடு வந்த ஈயச் சுருளை உருக்கிப் பார்த்தேன், துளிப் புகைகூட வரவில்லை. உள்ளே ஃப்ளக்ஸே இல்லாத கம்பி. அதை வைத்துக்கொண்டு 61-இல் 54 இணைப்புகளைச் சரியாக வைத்ததே அந்தப் பிள்ளையின் கைத்திறமை.

திருத்தும்போது இன்னொரு தவறு. கூர்முனை டிப்பில் 350 டிகிரிக்கு உருண்டை உருகியது, ஆனால் பரவவில்லை. சூடு போதவில்லை என்று 420-க்கு ஏற்றினேன். ஃப்ளக்ஸ் ஒரு விநாடியில் கருகியது, உருண்டை அப்படியே. தேவைப்பட்டது கூடுதல் டிகிரி அல்ல, பேடைத் தொடும் அகலம். 350-க்கு இறக்கி, தட்டை டிப்பை மாட்டி, பம்ப்பால் பழைய ஈயத்தை எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, டிப்பின் தட்டை முகம் காலையும் பேடையும் ஒருசேரத் தொடும்படி இரண்டு விநாடி வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியைக் கொடுத்தேன். ஈயம் டிப்பைத் தேடிப் போகாமல் பேட் முழுவதும் தானாகப் பரவி ஓரத்தில் மெலிந்தது. கம்பியை முதலில் எடுத்து, பிறகு அயர்னை எடுத்து, மூன்று விநாடி அசைக்காமல் வைத்தேன். 60/40 ஈயம் இறுகுவது 183 டிகிரியில். அதற்குள் கால் அசைந்தால் வளைய விரிசல் நிச்சயம்.

பம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஈயம் வர மறுத்தால், முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கிவிட்டு உறிஞ்ச வேண்டும். எடுக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பதா என்று தோன்றும். புது ஈயத்தில் உள்ள ஃப்ளக்ஸும் அதன் சூடும் சேர்ந்து பழையதை ஒரே வீச்சில் இளக்கிவிடும்.

420-இன் விலை அதோடு முடியவில்லை. அந்தச் சூட்டிலேயே, இடையில் நான்காவது எல்இடியின் பாசிட்டிவ் காலையும் ‘கொஞ்சம் சரிசெய்யலாம்’ என்று தொட்டேன். அந்தக் காலில் பழுதே இல்லை. ஐந்து விநாடியில் பேட் அட்டையை விட்டு எழும்பி, டிராக்கும் 2 மி.மீ. நீளத்துக்குப் பிய்ந்தது. ஃபீனாலிக் போர்டில் பேடைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பசை. ஓட்டைக்குள் செம்புப் பூச்சு இல்லாததால் மேல்பக்கத்திலிருந்து பிடிமானமும் கிடையாது. பழுது என்று அளந்து தெரியாத இணைப்பைத் தொடக் கூடாது என்பதை இந்த பேட் காட்டியது.

பிய்ந்த பேடைச் சரிசெய்த முறை: தொங்கிய துண்டை வெட்டி எடுத்தேன். மீதி டிராக்கின் மேலிருக்கும் பச்சைப் பூச்சைப் பிளேடின் முனையால் 4 மி.மீ. நீளத்துக்குச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் ஃப்ளக்ஸ் போட்டு மெல்லிய ஈயப் பூச்சு. வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால் துண்டு ஒன்றை, ஒரு முனை எல்இடி காலைச் சுற்றும்படியும் மறுமுனை டிராக்கின் மேல் படுக்கும்படியும் வளைத்து, இரண்டு முனைகளிலும் சோல்டர். டிராக் இன்னும் நீளமாகப் போயிருந்தால், லேன் கேபிளிலிருந்து உருவிய ஒற்றைக் கம்பியை 4017-இன் 7-ஆம் காலிலிருந்தே நேராக இழுத்திருப்பேன். எல்இடி ஆடினால் ஒட்டு மறுபடி போகும் என்பதால் அதன் அடியிலும் ஒரு சொட்டு குளூ.

இப்போது ஓட்டம் சீரானது. மிச்சம் இரண்டு பழுதுகள் தானாக வெளியே வந்தன. ஏழாவது எல்இடி சில சுற்றுகளில் எரிந்தது, சில சுற்றுகளில் இல்லை. பிளாஸ்டிக் குச்சியால் அதன் தலையை மெல்லத் தட்டினால் வந்து வந்து போனது. லென்ஸில் மறுபடி பார்த்தால் பாசிட்டிவ் காலைச் சுற்றி முடியளவு வளையம். ஃப்ளக்ஸ் போட்டு, துளி ஈயம் சேர்த்து, மறுபடி உருக்கியது போதும்.

அடுத்தது, பிரீசெட்டைத் திருப்பினாலும் வேகம் மாறவில்லை. கைப்பேசி ஸ்டாப்வாட்சில் பத்துச் சுற்றுக்கு 16 விநாடி, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே. இந்தக் கிட்டில் 10 கிலோ ஓம் ஒன்று, இன்னொரு 10 கிலோ ஓம் பிரீசெட்டோடு தொடராக, கெப்பாசிட்டர் 1 மைக்ரோ ஃபாரட். 100 கிலோவும் முழுக்கச் சேர்ந்திருந்தால் விநாடிக்கு 6.26 துடிப்பு, பத்துச் சுற்றுக்குச் சரியாக 16 விநாடி. பிரீசெட் பூஜ்யத்தில் இருந்தால் 48 துடிப்பு, பத்துச் சுற்று இரண்டு விநாடியில் முடிந்துவிடும். ஆக, நடுக்கால் தொடர்பில் இல்லை. நடுக்காலும் ஓரக்காலும் சேர்த்து இணைக்கப்பட்டிருப்பதால்தான் ஓட்டம் நிற்காமல் மெதுவாகவாவது ஓடியது. காலைப் பார்த்தால் கறுத்துப் போயிருந்தது. நாள்பட்ட துரு. எவ்வளவு சூடு கொடுத்தாலும் அதில் ஈயம் பிடிக்காது. பம்ப்பால் எடுத்து, பிளேடால் காலைச் சுரண்டி வெள்ளை தெரிந்த பிறகு புதிதாக வைத்தேன். வேகம் முழு அளவில் மாறியது.

கடைசியாக மறந்துவிடாமல் 100 மைக்ரோ ஃபாரட்டின் காலியான கால்.

100 ஓம் ரெசிஸ்டரில் இப்போது 1.5 வோல்ட், அதாவது 15 மில்லி ஆம்பியர். அதை எடுத்துவிட்டு நேராகப் பேட்டரியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஓடும்போதே போர்டின் இரு முனைகளையும் பிடித்து மிக லேசாக வளைத்தும், ஒவ்வொரு பாகத்தையும் குச்சியால் தட்டியும் பார்த்தாயிற்று. எந்த எல்இடியும் தவறவில்லை.

செலவு: ஈயக்கம்பி 50 கிராம் 180 ரூபாய், ஃப்ளக்ஸ் 80, விக் 60, ஆல்கஹால் 100 மில்லி 90, தேவையில்லாமல் வாங்கிய 4017-க்கு 20. வேலை முடிந்தபோது கம்பியில் கால் மீட்டர்கூடக் குறையவில்லை. குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸ் மலிவாகக் கிடைக்கும். அதை போர்டில் தொடவே கூடாது, சில மாதங்களில் செம்பை அரித்துவிடும். பிள்ளைகள் செய்யும்போது சன்னல் திறந்திருக்கட்டும், புகையை முகத்திலிருந்து விலக்கச் சின்ன விசிறி ஒன்று இருக்கட்டும், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். கால் வெட்டும்போது துண்டு கண்ணை நோக்கிப் பறக்கும், கண்ணாடி வேண்டும்.

அடுத்த கிட்டுக்கு வரிசையை மாற்றப் போகிறேன். முதலில் வயர், 100 மைக்ரோ ஃபாரட், இரண்டு பேஸ்கள் மட்டும். அந்த நிலையிலேயே நெகட்டிவுக்குப் போகும் ஒவ்வொரு காலையும், கறுப்பு முனையைக் காலில் வைத்து அளந்து, 9 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது. பிறகு 555-ஐயும் அதன் பாகங்களையும் வைத்து, 3-ஆம் காலில் ஓர் எல்இடியை 1 கிலோ ஓமோடு தற்காலிகமாக மாட்டித் துடிப்பைக் கண்ணால் பார்ப்பது. அதன் பிறகே 4017, அதன் பிறகு எல்இடிகள் ஒவ்வொன்றாக. தட்டை டிப்பைத் தொடக்கத்திலிருந்தே மாட்டி, 340 டிகிரியில் வைத்துவிட்டு அந்தக் குமிழைத் தொடாமல் இருப்பது. கிட்டோடு வரும் ஈயச் சுருளைப் பிரிக்காமலே ஒதுக்கிவிட்டு, உள்ளே ஃப்ளக்ஸ் உள்ள கம்பியைக் கையில் கொடுப்பது.

போர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, சரிசெய்த ஏழு இடங்களிலும் (பாலம் போட்ட 2, 3 கால்களை இரண்டு இடமாக எண்ணி) சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்து, ஒட்டுப்போட்ட நான்காவது எல்இடியில் மட்டும் நீலப் புள்ளி வைத்திருக்கிறேன். பின்னால் எப்போதாவது ஓட்டம் தடுமாறினால் லென்ஸை முதலில் வைக்க வேண்டியது அந்த நீலப் புள்ளியில்.